தண்ணீர் பிரிக்கிறவனுக்கு வயல் கிடையாது

எழுத உட்காருவதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். நான் வேலை பார்ப்பது ஓமனில் ஒரு மலைக் கிராமம். மலைக்குக் கீழே பெரிய சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினத்து பாய்தான் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தார். "நீ பேசவும் மாட்டேங்கிற, சண்டையும் போட மாட்டேங்கிற. எல்லாத்தயும் உள்ளயே போட்டுப் பூட்டி வச்சா நெஞ்சு என்னத்துக்கு ஆகும்? எழுதிக் குடுப்பா, நான் பத்திரிகைக்கு அனுப்பி விடுறேன்" என்றார். படித்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே தினமும் விடிந்ததும் ஒரு விஷயம் எனக்குப் புதிதாகவே தெரிகிறது. சுற்றிலும் மொட்டைப் பாறை. மழை என்பதை வருஷத்தில் எப்போதாவது பார்க்கலாம். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மலையின் அடியிலிருந்து கல் வாய்க்கால் கட்டிக் கொண்டுவருகிறார்கள். அதற்கு ஃபலஜ் என்று பெயர். யாரோ அந்தக் காலத்தில் வெட்டியது. நான் வந்த நாளிலிருந்து அது ஒருநாளும் நின்றதில்லை. காவிரிப் பாசனத்தில், ஒரத்தநாட்டுப் பக்கத்தில் பிறந்த நான், தண்ணீர் இல்லை என்று ஊரை விட்டுக் கிளம்பி, பாலைவனத்துக்கு வந்து, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பேரீச்சந்தோட்டத்துக்குத் தண்ணீர் திருப்புகிறேன். ஊருக்குப் போயிருந்தபோது டீக்கடையில் இதைச் சொன்னேன். "வெளிநாட்டுக்காரர் கதை விடுறாருப்பா" என்று சிரித்தார்கள். அதன் பிறகு யாரிடமும் சொல்வதில்லை.

வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். இங்கே முதலாளியை அர்பாப் என்று கூப்பிட வேண்டும். என் அர்பாப் வயதானவர், நல்ல மனிதர், கோபம் மட்டும் சீக்கிரம் வரும். அன்று அவருடைய முறை. தண்ணீரைத் திறக்கப் போனேன். வாய்க்காலின் கடைசியில் இன்னொருவருடைய எலுமிச்சைச் செடிகள் வாடி இலை சுருண்டு கிடந்தன. நம் தோட்டம் ஈரமாகத்தானே இருக்கிறது, முதலில் அதற்குக் கொஞ்சம் போகட்டும் என்று நான் பாட்டுக்குத் திருப்பிவிட்டேன். அதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. கை தானாகச் செய்தது. அர்பாப் கைத்தடியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "ஹாதா மாய் மால் அனா!" என்று கத்தினார். இது என் தண்ணீர் என்று அர்த்தம். அந்த அர்த்தம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இங்கே தண்ணீரையே சொத்தாக வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை ஓடும் தண்ணீர் இன்னாருடையது என்று தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. வாடுகிறதே என்று யாருக்கும் திருப்ப முடியாது. வாடினால் அவர் தண்ணீர் வாங்க வேண்டும்.

கோபம் தணிந்த பிறகு அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மண்வெட்டி பிடிப்பதைப் பார்த்தால் விவசாயி மாதிரி இருக்கிறாயே, உன் தோட்டம் எவ்வளவு பெரியது என்று கேட்டார். "மஸ்ரா மாஃபி" என்றேன். தோட்டம் இல்லை என்று. அவர் நம்பவில்லை. "லேஷ்?" என்றார். ஏன் என்று கேட்டால் நான் எந்த மொழியில் சொல்வது? சூதாடித் தோற்றாயா என்று கையை ஆட்டிக் காட்டினார். இல்லை என்றேன். அண்ணன் தம்பிகள் பிடுங்கிக்கொண்டார்களா என்று கழுத்தை அறுப்பதுபோல் காட்டினார். பேச்சை முடித்தால் போதும் என்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து வருகிற போகிறவர்களிடமெல்லாம், பாவம், இவனுடைய நிலத்தைக் கூடப் பிறந்தவர்கள் தின்றுவிட்டார்கள் என்று சொல்லி எனக்கு நல்ல பேரீச்சம்பழமாகப் பொறுக்கிக் கொடுக்கிறார். எனக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வாய்க்கால் தண்ணீரைப் பிரித்துவிடுவது எங்கள் குடும்பத்தின் வேலை. தாத்தா செய்தார், பிறகு அப்பா. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் கல்லணைக் கால்வாயில் வரும் காவிரித் தண்ணீர் கிளை வாய்க்காலில் இறங்கி எங்கள் ஊர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால், எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதெல்லாம் தண்ணீர் கட்டுகிறவர் சொல்வதுதான். எவ்வளவு பெரிய பண்ணைக்காரராக இருந்தாலும் தன் வயல் மடையில் தானே கை வைக்கக் கூடாது. இதைக் கேட்டால் பெரிய அதிகாரம் போலத் தெரியும். அதற்கு ஊர் வைத்திருந்த நிபந்தனை ஒன்றுதான். தண்ணீர் பிரிக்கிறவனுக்குச் சொந்தமாக வயல் இருக்கக் கூடாது. குத்தகை வயலும் கூடாது. தனக்கென்று வயல் இருந்தால் தண்ணீரை அந்தப் பக்கம் சாய்த்துவிடுவான் அல்லவா? அதனால்தான் ஊருக்கு வெளியே, நிலம் என்பதே இல்லாத எங்கள் தெருவிலிருந்து ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றும் இல்லாதவன்தான் நியாயமாகப் பிரிப்பான் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரிதான். தாத்தாவும் அப்பாவும் நியாயமாகத்தான் பிரித்தார்கள். கடைமடையில் இருக்கும் சின்ன வயல்களுக்கு முதலில் அனுப்பிவிட்டு மேலே வருவார்கள். நியாயமாக இருக்க இருக்க, ஒன்றும் இல்லாமலே இருந்தார்கள்.

கூலி என்பது அறுவடையின்போது களத்தில் அளந்து போடும் நெல்தான். விளைந்தால் உண்டு. காவிரியில் தண்ணீர் வராத வருஷங்களில் விளைச்சலும் இல்லை, நெல்லும் இல்லை. அப்படி ஒரு வருஷம் வறட்சி நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவும் வரிசையில் போய் நின்றார். கூடப் போயிருந்தேன். சிட்டா, அடங்கல் எங்கே, உன் பேரில் நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். அப்பா வெள்ளந்தியாக, "ஊரு நெலம் பூராவும் நாந்தாங்க பாத்துக்கிறேன்" என்றார். "அப்ப ஊரயே உம் பேருக்கு மாத்தி எழுதிரலாமாய்யா?" என்றார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். வரிசை முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் தண்ணீரால்தான். அது சம்பா பயிர் பால்பிடிக்கும் சமயம். அப்பாவுக்கு விஷக்காய்ச்சல். ஊர்ப் பெரியவர்கள், மகனை அனுப்பு என்றார்கள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பரீட்சை வந்து போய்விட்டது. "அப்பனுக்குத் தப்பாத புள்ளடா இவன்" என்று எல்லோரும் சொன்னார்கள். என்னைப் போன்ற ஒரு பையனுக்கு, எந்த வகுப்பிலும் யாரும் பாராட்டாத ஒருவனுக்கு, அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த வருஷம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை.

பிறகு காலம் மாறியது. மேலத்தெருப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனார்கள். பெரியவர்கள் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அவர்களோடு போகத் தொடங்கினார்கள். ஒரு வீட்டுக்காரர் அப்பாவையே கூப்பிட்டு, நீ எடுத்துக்கொள், கொடுப்பதைக் கொடு என்றார். அப்பா மறுத்துவிட்டு வந்தார். அம்மா அப்போது உயிரோடு இருந்தாள். நடவு நட்டு வந்த சேற்றுக் காலைக்கூடக் கழுவாமல் வாசலில் நின்று கத்தினாள். "ஊருல இருக்குற அத்தன வயலுக்கும் தண்ணி விடுற. நம்ம ஒலையில போட ரெண்டு படி அரிசி இல்ல. ஒன்னைய நல்லவன்னு சொல்றவன் எவனாவது ஒரு நேரம் சோறு போட்டானாய்யா?" அப்பா தோளில் இருந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்குப் போனார். அன்றைக்கு அவர் சரி என்று சொல்லியிருந்தால் எங்கள் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று அம்மா சாகும்வரை சொன்னாள். எனக்கு அது தெரியாது. ஆனால் அந்தக் குத்தகையை எடுத்தவரின் மகன் இப்போது ஒரத்தநாட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். அது மட்டும் தெரியும்.

அறுவடை மெஷின் வந்தது. வசதியானவர்கள் போர்வெல் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு வாய்க்கால் தண்ணீரும் வேண்டாம், தண்ணீர் கட்டுகிறவரும் வேண்டாம். களத்தில் போடும் நெல் குறைந்துகொண்டே வந்தது. எனக்குக் கல்யாணமாகி, சரவணன் பிறந்தான். திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் இருந்து பார்த்தேன். பிறகு ஓமனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள். என்ன வேலை தெரியும் என்று ஏஜென்ட் கேட்டார். தண்ணீர் கட்டத் தெரியும் என்றேன். "அதுக்குத்தாம்பா ஆள் கேக்குறாங்க" என்றார். அப்படித்தான் வந்தேன்.

இத்தனை வருஷத்தில் நானும் என் மனைவி செல்வியும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஒரு துண்டு வயலுக்காக. இந்த வருஷம் அது கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. மேலத்தெருவில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எனக்கும் பாடம் எடுத்தவர். மகள் வீட்டோடு சென்னைக்குப் போகப்போகிறார். வாய்க்காலின் முதல் மடையில் அவருக்கு மூன்று மா வயல், அதாவது ஒரு ஏக்கர். வெளியாளுக்கு விற்பதைவிட உனக்குக் கொடுக்கிறேன் முருகையா என்று அவராகவே போன் செய்து சொன்னார். செல்வி அன்று சந்தோஷத்தில் எனக்கு மூன்று தடவை போன் செய்தாள். சரவணன் பிளஸ் டூ முடித்து, டிப்ளமோவைப் பாதியில் விட்டு வீட்டில் இருக்கிறான். அர்பாப்பின் தம்பி தோட்டத்துக்கு ஆள் வேண்டும், உன் மகனைக் கூப்பிடு என்று இங்கே நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் இழுத்தடித்து வந்தேன். அந்த மூன்று மா வந்துவிட்டால் அதைக் காட்டி சொசைட்டியில் கடன் வாங்கலாம், இரண்டு மாடு வாங்கலாம், அவன் ஊரிலேயே இருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் இங்கே வரக் கூடாது.

அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னமும் மண்வெட்டியோடுதான் போகிறார். போர் இல்லாத கடைமடை ஆட்கள் சிலர் அவரையே நம்பியிருக்கிறார்கள். வயல் வாங்கும் பேச்சைச் சொன்னபோது அவர், "சரி, பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு மம்பட்டியக் கீழ வச்சிர்றேன். அதுவரைக்கும் நான் தண்ணி கட்டுறவன்தான்" என்றாராம். நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். செல்வி பேரில் பத்திரம் பதிய நாள் குறித்தார்கள்.

அதற்குள் தண்ணீர் வந்தது. இந்த வருஷம் தாமதமாக வந்த தண்ணீர். எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். அப்பா வழக்கம்போல மேல் மடைகளை அடைத்துக் கடைமடைக்கு அனுப்பினார். ஆனால் வாத்தியாருடைய வரப்பில் நண்டு வளை இருந்திருக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீர் உள்ளே கசிந்து, விடிந்து பார்த்தால் அந்த வயல் மட்டும் கண்ணாடி மாதிரி நிற்கிறது. கடைமடையில் இன்னும் வெடிப்பு மூடவில்லை. அப்பா ஓடிப்போய் வளையை மிதித்து அடைத்துவிட்டு டீக்கடைக்கு வந்திருக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்த ஒருத்தன், விளையாட்டுக்குத்தான், "என்ன பெருசு, இன்னும் பத்திரமே ஆவல, அதுக்குள்ள ஒங்க வயலுக்கு மொதத் தண்ணி பாஞ்சிருச்சு போல?" என்று கேட்டிருக்கிறான். சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அப்பா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்தாராம். நேராக வாத்தியார் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, அந்த வயப் பேச்சு எங்களுக்கு வேண்டாங்க. வேற யாருக்காவது குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

செல்வி எனக்குப் போன் செய்தாள். "மாமா என்ன பண்ணிட்டு வந்து ஒக்காந்துருக்காரு தெரியுமாங்க? ஒருத்தன் சிரிச்சுப்புட்டானாம். அதுக்காக நம்ம இத்தன வருசத்தத் தூக்கிக் குடுத்துட்டு வந்துருக்காரு. நீங்க பேசுங்க. இன்னிக்காவது வாயத் தொறந்து பேசுங்க."

வாத்தியாருக்குப் போன் செய்தேன். "சார், அப்பா ஏதோ..." என்பதற்கு மேல் எனக்கு வரவில்லை. அவரே பேசினார். "முருகையா, தஞ்சாவூர்லேர்ந்து ஒரு பார்ட்டி மனை போடக் கேட்டுக்கிட்டே இருக்கான். உங்கப்பா முகத்துக்காகத்தான் நிறுத்தி வச்சிருந்தேன். அவர் மாதிரி ஒரு மனுஷன் இந்த ஊர்ல கிடையாது. அவர் மனசு நோக நான் எழுதிக் குடுக்க முடியாதுப்பா. நீ பேசி, அவரே வந்து சரின்னு சொன்னா உனக்குத்தான். சாயங்காலம் வரைக்கும் பாக்குறேன்." அவர் கெட்டவர் இல்லை. எங்கள் குடும்பத்தின்மேல் மரியாதை வைத்திருக்கிறார். அந்த மரியாதைதான் குறுக்கே நின்றது.

செல்வி போனை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வாசல் வெளிச்சத்தில் அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் இங்கே வாய்க்கால் ஓரத்தில் நின்றிருந்தேன்.

"சாப்டியாடா?" என்றார்.

"சாப்டேன்ப்பா. அவன் வெளாட்டுக்குத்தானே சொன்னான்?"

"வெளாட்டுக்குத்தான் சொன்னான்."

"அப்பறம் ஏன்ப்பா?"

"சிரிச்சாங்கடா. எம்பது குடும்பமும் ஒரு நாளு ஒரு வார்த்த சொன்னதில்ல. தண்ணி கம்மியா வந்தாலும் எங்கிட்ட வந்து கேக்க மாட்டான், மழயத்தான் திட்டுவான். இனிமே கேப்பான். மொத மடையில வயல வச்சிக்கிட்டு நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நீங்கதான் மம்பட்டிய வச்சிர்றேன்னு சொன்னீங்களே?"

"வச்சிட்டா யாரு கட்டுவா? கடைமடையில கெடக்குறவனுக்குப் போர் இருக்கா?"

எனக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது. அம்மா வாசலில் நின்று கேட்டதைக் கேட்டிருக்கலாம். நிவாரண வரிசையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாடிய எலுமிச்சையைப் பார்த்ததும் தண்ணீரைத் திருப்பிய கை என்னுடைய கைதான். அவர் சொல்வது எனக்கு அப்படியே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்டேன்.

"வயல் இல்லன்னா சரவணன் இங்க வரணும்ப்பா. ஒங்க பேரன் இங்க வந்து கெடக்கணுமா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. போனில் எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலைப் பார்த்தார். முகத்தை அருகே கொண்டுவந்து நன்றாகப் பார்த்தார்.

"அங்க தண்ணி இருக்கேடா" என்றார்.

செல்வி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "பேசிட்டீங்கல்ல? அப்பாவும் புள்ளயும் பேசி முடிச்சிட்டீங்கல்ல? நல்லாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். சாயங்காலம் வரை அப்பா வாத்தியார் வீட்டுக்குப் போகவில்லை. கடைமடைக்குப் போயிருந்தாராம். மறுவாரம் தஞ்சாவூர்க்காரர்கள் வந்து வயலில் கல் ஊன்றினார்கள். அது முதல் மடை என்பதோ, அதில் தண்ணீர் பாய வேண்டும் என்பதோ இனி யாருக்கும் ஒரு பொருட்டில்லை.

வறுமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் குடி, சோம்பல், கடன் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை, சோம்பி இருந்ததும் இல்லை. ஊர் எங்களிடம் ஒரு நல்ல குணத்தைக் கேட்டது. நாங்கள் கொடுத்தோம். கேட்டவர்கள் எல்லோரும் போய்விட்ட பிறகும் எங்களால் அதை விட முடியவில்லை. இங்கே வந்து சேர்ந்த நம் ஆட்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம்.

சரவணன்தான் பிறகு பேசினான். அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அந்த விசாவுக்குச் சரின்னு சொல்லிருங்கப்பா. அங்க வெயில் எப்படி? நெட் கிடைக்குமா?" என்றான். கிடைக்கும் என்றேன். அர்பாப்பிடம் சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். என் தோளைத் தட்டினார். உன் மகனும் வந்துவிட்டால் இனி உனக்கு என்ன குறை என்பதுபோல் ஏதோ சொன்னார். தாய் மரத்தின் அடியிலிருந்து ஒரு பேரீச்சங்கன்றைப் பெயர்த்து எடுத்து, தோட்டத்தின் ஓரத்தில் ஓர் இடத்தைக் காலால் கோடு போட்டுக் காட்டினார். அங்கே குழி வெட்டு, இது உன் மகன் பேருக்கு என்றார். "ஷஜர் சரவனா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். சரவணன் மரம். அது அவன் உடைமை என்று இல்லை. மண் அவருடையது, பாயப்போகும் தண்ணீர் அவருடையது, வருஷங்கள் கழித்துக் காய்த்தால் பழமும் அவருடையது. பேர் மட்டும் என் மகனுடையது. அன்பாகத்தான் செய்தார். நான் குழியை ஆழமாக வெட்டி, கன்றை நட்டு, மண்ணை மிதித்துவிட்டு, மடையைத் திறந்தேன். தண்ணீர் குழியைச் சுற்றி வந்து நின்றது.

மறுநாள் சரவணன் விசா மெடிக்கலுக்குத் திருச்சி போனான்.